எழுந்திரு என்று சொன்னது நான்தான்

தம்பி, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் நம் ரங்கூன் சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சாகிவிடும். அதற்காக நீ இந்த அம்மாமேல் கோபப்படலாம். வீட்டு விஷயத்தை ஊர் படிக்கும்படி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் செய்த காரியம் ஊரார் முன்னால், மண்டபத்தில், பட்டப்பகலில் செய்தது. அதைப் பற்றிச் சொல்வதை மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவது ஒழுங்காகாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத் தலைவர் ராமலிங்கமும், புதிதாகச் செயற்குழுவுக்கு வந்திருக்கும் கோபி என்பவரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு மாடி ஏறி வந்ததில் தலைவருக்கு மூச்சு வாங்கியது. "டீச்சர், இந்தப் படியை ஏறினதுக்கே எனக்குப் புண்ணியம் கிடைக்கணும்" என்றார். "நான் தினம் ரெண்டு தடவை ஏறுறேன், எனக்கு ஒண்ணும் கிடைக்கல" என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். சங்கத்தைத் தொடங்கிய ஐந்து வீடுகளுக்கும் செயற்குழுவில் ஆளுக்கொரு இடம் உண்டு என்பதையும், நம் வீட்டு இடம் நீ பினாங்குக்குப் போன நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாகக் காலியாக இருக்கிறது என்பதையும் எனக்கே விளக்கிச் சொன்னார்கள். வருகிற பொதுக்கூட்டத்துக்குள் நீ வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். கோபிக்கு முப்பது வயதுதான் இருக்கும். என்னை டீச்சர் என்று சொல்லாமல் பர்மியர்கள் ஆசிரியையைக் கூப்பிடுவதுபோல் சயாமா என்றார். "சயாமா, அவர் வந்தா போதும். தமிழ் மறந்து போயிருந்தாலும் பரவாயில்ல. எனக்கே பாதி பர்மிய மொழியிலதான் வருது." "அது தெரியுது" என்றேன். அவர் சிரித்தார். நல்ல பிள்ளை.

அவர்கள் கேட்டது இந்த மலருக்கு ஒரு கடிதம். தகப்பனார் உட்கார்ந்த இடத்தில் வந்து உட்காரும்படி ஒரு தாய் தன் மகனை அழைக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். "ரெண்டு பக்கம் போதும் டீச்சர். படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்" என்றார் தலைவர். கண்ணீருக்கு நான் பொறுப்பில்லை, பிழையில்லாமல் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். பிறகு ஒன்று கேட்டேன். நம் வீட்டு இடம் நிரம்பினால் பழைய செயலாளர் ஆறுமுகத்தின் பெயரைச் சங்க உறுப்பினர் புத்தகத்தில் திரும்ப எழுத முடியுமா என்று கேட்டேன். தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பழைய கதை இப்ப எதுக்கு டீச்சர்? எடுத்த பேரைத் திரும்ப எழுதணும்னா, எடுக்கச் சொல்லி வழிமொழிஞ்ச வீடே எழுந்து நின்னு கேக்கணும். அதுதான் வழக்கம். வழிமொழிஞ்சது உங்க வீடு. உங்க பையன் வந்து உட்கார்ந்து, எழுந்து கேட்டார்னா விவாதத்துக்கு எடுத்துக்குவோம்." நான் கேட்டால் என்ன என்றேன். "நீங்க பெண்கள் பக்கம்..." என்று ஆரம்பித்து, மரியாதைக்காக அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உன் அப்பா காலமான வருஷத்திலிருந்தே எனக்கு எதுவும் உடனே உறைப்பதில்லை. கை வேலை செய்யும், மனசு பின்னால் எங்கோ நிற்கும். அன்று மத்தியானம் அவர்கள் கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதினேன். நல்ல தமிழ்தான். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு இருபத்துநான்கு வயதானபோது, நீ முதன்முதலாக அப்பாவின் இடத்தில் உட்காரப் போகிற நாளுக்கு முந்தைய நாள், உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஓர் ஆங்கிலேயனின் கதையைச் சொன்னேன். நினைவிருக்கும். அதில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதியை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, அது எனக்கு மனப்பாடம். ஆகவே முதலிலிருந்து முழுவதையும் சொல்லிவிடுகிறேன். மலரைப் படிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் கான்வென்டை அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், சரித்திரக் கட்டுரைப் பரிசுக்காகச் சிஸ்டர் எங்களுக்குச் சீட்டுக் குலுக்கினார். நூலகத்தில் பழைய கனத்த புத்தகம் ஒன்று இருந்தது. முன்னூறு நானூறு வருஷங்களுக்கு முன் ஆங்கிலேய நாடாளுமன்றத்திலும் அரண்மனையிலும் இருந்தவர்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் அதில் இருந்தன. என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு ஒரு ராணி கிடைத்தாள். இன்னொருத்திக்குக் கப்பற்படைத் தலைவன் கிடைத்தான். எனக்கு வந்தவனுக்குப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான். பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லவில்லை. பெரிய குடும்பத்தில் இரண்டாவது மகன். பாட்டனார் அரசருக்கு நெருக்கமாக இருந்து நிலங்கள் வாங்கியவர். சிற்றப்பா பிஷப். அக்காளைக் கட்டியவர் பிரபு. அந்தப் பக்கத்தில் இரண்டு சிறிய ஊர்கள், யாரை நாடாளுமன்றத்துக்கு அனுப்புவது என்பதை இவர்கள் வீட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். வாக்காளர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள், எல்லோரும் இவர்கள் நிலத்தில் குடியிருப்பவர்கள். அவன் பதினைந்து வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனான், பட்டம் வாங்காமலே வெளியே வந்தான், லண்டனில் சட்டம் படித்தான். இருபத்திரண்டாவது வயதில் அந்த ஊர்களில் ஒன்றின் பெயரால் அவையில் உட்கார்ந்தான். அந்த ஊருக்கு அவன் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தான்.

நான்கு நாடாளுமன்றங்களில் இருந்தான். பாலங்கள், கம்பளி, மீன்பிடி உரிமை என்று குழுக்களில் அவன் பெயர் வருகிறது. அவன் பேசியதாக எழுதி வைக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு பேச்சு, ஆற்றில் யாரோ கட்டிய அணை படகுகளுக்கு இடைஞ்சலாக இருப்பதைப் பற்றி. மற்றபடி அண்ணன் சொன்னபடி இருந்தான். அண்ணன் அரசர் பக்கம் இருந்தபோது இவனும் அரசர் பக்கம். அண்ணன் மாறியபோது இவனும் மாறினான். அவனுடைய கல்லறையில், தன் வீட்டுக்கு என்றும் உண்மையாக இருந்தவன் என்று பொறித்திருக்கிறார்களாம். நான் உனக்குச் சொன்னது இவ்வளவுதான். "கிட்டத்தட்ட உன் வயசுதான் அவனுக்கும். வீட்டுப் பேரைக் காப்பாத்தினான். நீயும் முதல் நாளே அதிகம் பேசாதே. நேரா உக்காரு" என்று சொல்லிச் சட்டையை மடித்து உன் கையில் கொடுத்தேன். நீ அவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாய். "அவனுக்கு அந்த வேலை பிடிச்சிருந்ததாம்மா?" புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

மறுநாள் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கும் ஞாபகம் மங்கியிருக்கும். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆறுமுகம் அப்போது சங்கச் செயலாளர். அலோன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உன் அப்பாவின் கூட்டாளி. என்னைத் தங்கச்சி என்பார், அது எனக்குப் பிடிக்காது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர். சங்கப் புத்தகம் அவர் கையில் இருந்தது. அதில் பெயர் இருந்தால்தான் கல்யாண மண்டபமும் மயான அனுமதியும் கிடைக்கும், வருஷத் திதிக்கு மண்டபத்தில் இடம் கிடைக்கும். புதுப்பெயர் எழுதுவதற்கு முன்னால் அதை உறுப்பினர்கள் முன் வாசிக்க வேண்டும் என்பது விதி. அவர் ஒரு பெயரை வாசிக்காமலே எழுதிவிட்டார். துறைமுகத்தில் அவரோடு மூட்டை தூக்கிய மாரியப்பன் இறந்துபோனார். அவருடைய மனைவி பர்மியப் பெண், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் படகுத்துறைப் பக்கம் பலகாரம் விற்றாள். ஒன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள். தகப்பனுக்குத் திதி கொடுக்க அந்தச் சிறுமியின் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். வாசித்தால், தாய் பர்மியர் என்று மறுப்பார்கள் எனத் தெரிந்ததால் ஆறுமுகம் வாசிக்காமல் எழுதினார். அது தவறுதான். நான் இன்றைக்கும் அதைத் தவறு என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்த ஒரு தவறுக்கு அவர்மேல் வந்த தீர்மானம் வேறு மாதிரி இருந்தது. ஒரு பெயரை இப்படி எழுதியவர் இன்னும் எத்தனை பெயர்களை எழுதினாரோ என்று யாரோ கேட்டார்கள். பார்த்துச் சொல்லலாமே என்று யாரும் சொல்லவில்லை. புத்தகம் மேஜைமேல்தான் இருந்தது, யாரும் புரட்டவில்லை. அந்தச் சிறுமியின் பெயரை அடிக்க வேண்டும், ஆறுமுகத்தின் பெயரையும் குடும்பத்தோடு அடிக்க வேண்டும் என்று இதே தலைவர்தான் முன்மொழிந்தார். ஐந்து வீடுகளில் ஒன்று வழிமொழிய வேண்டும். மூன்று வீட்டுக்காரர்கள் அன்று வரவில்லை, வராமலிருக்கப் பார்த்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. நான்காவது வீடு தலைவருடையது. மிச்சம் நீ.

நம் சங்கத்தில் கை தூக்குகிற வழக்கம் இல்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருப்போம். தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் எழுந்து நிற்க வேண்டும், இல்லை என்றால் உட்கார்ந்தே இருக்கலாம். வழிமொழிகிறவர் முதலில் எழுந்திருக்க வேண்டும். தலைவர் ஒருமுறை கேட்டார். நீ உட்கார்ந்திருந்தாய். இரண்டாவது முறை கேட்டார். நீ ஆறுமுகத்தைப் பார்த்தாய். அவர் தலையைக் குனிந்து நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், தன் பெயரை எடுக்கிற தீர்மானத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ, "பிள்ளைக்குக் கால் மரத்துப் போச்சு போல" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். இன்னொரு குரல், "அப்பா இருந்தா இப்படி ரெண்டு தடவை கேட்க வைப்பாரா?" என்றது. அது என் காதில் விழுந்தது. அந்த மண்டபத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து அதுவரை யாரும் குரல் கொடுத்ததில்லை. நான் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்கிற குரலில், "எழுந்திரு" என்றேன்.

நீ எழுந்தாய். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்தால் மற்றதெல்லாம் எழுந்திருப்பதுபோல் அவர்களும் எழுந்தார்கள். ஆறுமுகம் பேனாவோடு தலைநிமிர்ந்து, இடப்பக்கம் தொடங்கி, ஒவ்வொரு ஆளாகப் பார்த்து எண்ணினார். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற மாதிரி நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு. முப்பத்தொன்பது. முதல் கோடு நீ. எண்ணி முடித்து, எண்ணிக்கையை எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். நீ இன்னும் நின்றுகொண்டிருந்தாய். உட்காரலாம் என்று தலைவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாய்.

அதற்கு நான் அப்போது வைத்திருந்த காரணங்கள் எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. விதி விதிதான். உன் அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முதல் கூட்டத்திலேயே நம் வீடு பேச்சற்று உட்கார்ந்திருந்தால் அடுத்த கூட்டத்தில் நமக்குப் பாய் போடமாட்டார்கள் என்று நினைத்தேன். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. அந்தச் சிரிப்பு. என் மகனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு குடும்பத்துக்கு மயானத்தில் இடமில்லாமல் போவதற்கு அதுதான் காரணம் என்று எழுதிப் பார்க்கும்போது அது மிகவும் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் அதுதான். நீ அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கூட்டங்களுக்குப் போனாய், எதற்கும் எழுந்திருக்கவில்லை, யாரும் உன்னை எதுவும் கேட்கவில்லை. பிறகு பினாங்கில் வேலை கிடைத்தது என்றாய். விமான நிலையத்தில் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி அந்த ஆங்கிலேயனின் மீதிக் கதை. சட்டம் படித்த காலத்தில் அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருவன், பின்னால் அரசரிடம் பெரிய பதவிக்கு வந்தான். அரசருக்கும் அவைக்கும் சண்டை முற்றியபோது அரசரைத் தொட முடியாமல் அந்த நண்பனைப் பிடித்தார்கள். விசாரணை நடந்தது, குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை. அதனால் அந்த நண்பன் குற்றவாளி என்று ஒரு மசோதாவே கொண்டுவந்தார்கள். அவன் தலை போக வேண்டும் என்று சட்டம் எழுதி அதற்கு வாக்குக் கேட்டார்கள். அங்கேயும் கை தூக்குவது இல்லை. மசோதாவுக்குச் சம்மதம் சொல்கிறவர்கள் அவையை விட்டு எழுந்து வெளியே போக வேண்டும், மறுக்கிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். கதவருகில் ஆள் நின்று எண்ணுவான். நம் ஆள் நினைத்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். அண்ணனுக்கு அந்தச் சமயம் மறுபக்கத்தாரின் தயவு வேண்டியிருந்தது. அவன் எழுந்து, கதவு வழியாக, மற்றவர்களோடு வெளியே போனான். நண்பனின் தலை போயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு தடவை வீட்டார் அவனை அனுப்பினார்கள். இரண்டு தடவையும் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. ஊரில் இருந்துகொண்டு மரம் நட்டான் என்று மட்டும் புத்தகத்தில் இருந்தது.

பதினாறு வயதில் நான் எழுதிய கட்டுரையில் இதையும் எழுதினேன், அவனைப் புகழ்ந்து எழுதினேன். நட்பைவிடக் குடும்பக் கடமையைப் பெரிதாக நினைத்தவன் என்று எழுதினேன். எனக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. கட்டுரையின் கடைசியில் சிஸ்டர் சிவப்பு மையில், "அவன் தன் கால்களால்தான் நடந்து வெளியே போனான். அதை நீ எங்குமே எழுதவில்லை" என்று குறித்திருந்தார். அது எனக்கு அவமானமாக இருந்தது. ராணியைப் பற்றி எழுதியவளுக்கு முதல் பரிசு, அவள் கட்டுரையில் பதினொரு எழுத்துப் பிழைகள். சிஸ்டர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ள ரொம்ப காலம் ஆயிற்று. இப்போதும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் விஷயத்தில் சிஸ்டர் சொன்னது சரி. உன் விஷயத்தில் சரியில்லை. அன்று மண்டபத்தில் நின்ற கால்கள் உன்னுடையவை, நிற்க வைத்தது நான். நீ இத்தனை வருஷமாக அதை உன் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் என் ரத்த அழுத்தத்தைக் கேட்கிறாய், மாத்திரையைக் கேட்கிறாய், நான்கு நிமிஷத்தில் முடிக்கிறாய். சங்கத்தைப் பற்றி ஒரு தடவைகூட நீ கேட்டதில்லை.

தலைவர் வந்துபோன மறுநாள் நான் டாலாவுக்குப் போனேன். ஆறுமுகம் அலோனை விட்டு அங்கே மகள் வீட்டுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. படகில் எனக்கு இடம் விட்ட பர்மியப் பெண் என் மடியில் தன் வாழைக்குலையை வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். அக்கரையில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "அம்மா, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, காத்துல பறந்துட்டா நான் பொறுப்பில்ல" என்றார். வீடு ஒரு மூங்கில் தட்டி வீடு. வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா எந்த நான்தான்? வயசானா எல்லாருக்கும் ஒரே குரலாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தட்டியைத் தள்ளினார். "தங்கச்சியா. வா, வா. இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். நீ நேரா உக்கார்ற ஆளு, விழமாட்டே."

நேராக உட்கார்ந்தேன். அவர் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் மனதில் தயாரித்துக்கொண்டு போனதை அப்படியே சொன்னேன். அன்று சொன்னது என் தவறு, உங்கள் பெயரைத் திரும்ப எழுதுவதற்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. உள்ளேயும் ஒன்றும் நடுங்கவில்லை. யாருக்கோ வந்த கடிதத்தை வாசிப்பதுபோல் இருந்தது.

"எனக்கு எண்பத்திரண்டு ஆச்சு. இப்பப் பேரை வச்சு என்ன பண்ணப் போறேன், கல்யாணமா?" என்றார். "இங்க டாலாவிலேயே எரிக்க ஏற்பாடு சொல்லி வச்சிருக்கேன். புகை எந்தப் பக்கம் போனா என்ன. எழுதணும்னா அந்தப் புள்ள பேரை எழுதச் சொல்லு. மாரியப்பன் மக. வருஷா வருஷம் அப்பன் திதிக்கு ஆத்தங்கரையில நின்னு என்ன பண்றதுன்னு தெரியாம சோத்தை மட்டும் போட்டுட்டு வருது. நான்தான் கூடப் போய் ரெண்டு வார்த்தை சொல்லித் தர்றேன். எனக்கே முழுசாத் தெரியாது."

சொல்கிறேன் என்றேன். எழுந்திருக்கப் போனேன். அவர், "தம்பி எப்படி இருக்கான்?" என்றார். "நல்லா இருக்கான். உங்களுக்கு அவன்மேல கோபம் இருக்கும்" என்றேன்.

"அவன்மேலயா? அவன் அன்னைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துட்டானே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அன்று நீ தாகேதாவில் நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய்.

"வந்து என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. வாசல்ல நின்னான். உள்ள வாடான்னேன். என் வீட்டுக்காரி சோறு போட்டா. சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். போயிட்டான். அப்புறம் மாசா மாசம் வந்தான், பினாங்கு போற வரைக்கும். இப்பவும் போன் பண்றான். நல்லா அரட்டை அடிப்பான். உங்கிட்ட பேசமாட்டானோ?"

அவர் அதை நக்கலாகத்தான் சொன்னார், ஆனால் சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "எங்கம்மா என்ன பேசினாலும் சரியாப் பேசுவாங்கன்னு சொல்லுவான்" என்று சேர்த்தார். திரும்பும் படகில் நின்றுகொண்டே வந்தேன். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், உட்காரவில்லை. உனக்கு அவர் வீட்டில் ரசம் கேட்கத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்து எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, வருத்தமும் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக நீ பேசுகிறவனாகத்தான் இருந்திருக்கிறாய், என்னிடம்தான் பேசவில்லை என்பதை மட்டும் ஒரு செய்தியைப்போலத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து நான்கு மாடியும் ஏறினேன்.

தம்பி, உனக்கு அறிவுரை சொல்வதற்குத்தான் இந்த மாதிரிக் கடிதங்களை எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றிரண்டு தோன்றுகிறது. உனக்கு யாராவது ஒரு கதையைச் சொல்லி ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், கதையின் மீதியைக் கேள். நீ அன்று கேட்டது நல்ல கேள்விதான், அவனுக்குப் பிடித்திருந்ததா என்று. நான் அதைப் புத்தகத்தில் இல்லை என்று தட்டிவிட்டேன். ஒருவனைத் தண்டிப்பதற்கு முன்னால் மேஜைமேல் இருக்கிற புத்தகத்தைப் புரட்டிப் பார். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது கொஞ்சம் பொறுத்துக்கொள். சிரிப்பு ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும் என்பது எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

புதுப்பெயர்களை உறுப்பினர்கள் முன்னால் வாசிக்க வேண்டும் என்பது விதி, அதை எந்த உறுப்பினரும் வாசிக்கலாம், பெண்கள் பக்கத்திலிருந்தும் வாசிக்கலாம். நேற்று விதிப் புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன். இந்த மலர் எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் போகும். ஆகவே இங்கேயே எழுதுகிறேன். வள்ளி, பர்மியப் பெயர் மா தந்தா, வயது இருபத்துமூன்று. தந்தை மாரியப்பன், அலோன் துறைமுகத் தொழிலாளி, காலமானவர். தாய் பர்மியர். இருப்பிடம் டாலா. ஆட்சேபம் உள்ளவர்கள் பொதுக்கூட்டத்தில் சொல்லலாம், நான் அங்கே இருப்பேன். இந்தப் பத்தியைத் தலைவர் வெட்டிவிட்டால் கூட்டத்தில் எழுந்து இதையே உரக்க வாசிப்பேன். என் குரல் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஆறுமுகத்தின் பெயரைப் பொறுத்தவரை, அவர் வேண்டாம் என்றாலும் நான் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பேன். அது செல்லாது என்பார்கள். செல்லாது என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்வேன். செல்லும்படி கேட்கக்கூடியவன் நீ ஒருவன்தான், அதற்கு நீ அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு, வந்து, உட்கார்ந்து, எழுந்திருக்க வேண்டும். இன்றைக்கு நாடு இருக்கிற நிலையில் ரங்கூனுக்கு வருவது என்றால் உன் வயதுக்காரன் யோசிக்க வேண்டியவை வேறு எத்தனையோ இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை, உனக்கே தெரியும். ஆறுமுகத்துக்குப் போன் செய்து அவரிடம் கேள், என்னைவிட அவரிடம் உனக்குப் பேச வரும். வா என்று எழுதத்தான் என்னிடம் சொன்னார்கள். வராதே என்று எழுதவும் முதலில் எனக்குக் கை வந்தது. அதுவும் அதே குரல்தான் என்பதால் இரண்டையும் எழுதவில்லை.

சங்கத்தின் முகவரி மலரின் பின்னட்டையில் இருக்கிறது. வருவதானாலும் வராமலிருப்பதானாலும், இடத்தை வாங்கிக்கொள்வதானாலும் விட்டுவிடுவதானாலும், உன் பதிலை நீயே அவர்களுக்கு நேராக எழுது. எனக்கு நகல் வேண்டாம்.

அம்மா